அம்புக்குறி மாமாவின் பெட்டிகள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டாம் ஆண்டின் மழைக்காலத்தில் ஒரு காலைப்பொழுதில்தான் அவரை முதன்முதலில் சந்தித்தேன். நான் நடத்திவந்த மழலையர் பள்ளி ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. மூன்றாம் மாடி வீட்டுக்குக் குளிர்பதனப் பெட்டி கொண்டுவந்த வேன் ஓட்டுநர் அவர். கதவு நிலையை அடைத்துக்கொண்டு நிற்கும் உருவம். மாடிப்படி வளைவில் அட்டையோடு குளிர்பதனப் பெட்டி திரும்பாது என்று கண்டதும், வாசலிலேயே அட்டைப்பெட்டியை உருவி எங்கள் கூடத்தில் வைத்தார்.

"டீச்சர், இது பத்து நிமிஷம் இங்க இருக்கட்டும். வெளிய வெச்சா நனைஞ்சு கூழாயிடும்."

அவர் இறங்கி வந்தபோது பெட்டியைக் காணவில்லை. கூடத்தில் கப்பல் ஒன்று நின்றது. ஆறு பிள்ளைகள் அதில் ஏறியிருந்தார்கள். இடம் கிடைக்காத சிறுமி ஒருத்தி சுறாமீனாகி அதனைச் சுற்றித் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

"எறங்குங்க கண்ணுங்களா, மாமாவுக்கு நேரமாச்சு."

"நடுக்கடல்ல எப்படி மாமா எறங்குறது?" என்றான் கப்பல் தலைவன்.

"அதுவும் சரிதான்" என்று தலையைச் சொறிந்துகொண்டு அவர் வெறுங்கையோடு போனார்.

அதன்பின் வாரந்தோறும் பெட்டிகள் வந்தன. அவற்றில் அச்சிட்டிருந்த குறியைப் பார்த்துப் பிள்ளைகள் அவருக்கு 'அம்புக்குறி மாமா' என்று பெயர் சூட்டினார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் அட்டையைத் தைத்திருந்த கம்பிகளைக் குறடால் பிடுங்கி, விளிம்பு முழுவதையும் உள்ளங்கையால் இருமுறை தடவிப் பார்த்த பிறகே உள்ளே விடுவார்.

அடுத்த ஆண்டு வந்தது வினை. பள்ளிக் குழுவின் செயலர் கூடத்தை எட்டிப் பார்த்து, "இது பள்ளிக்கூடமா, குப்பைக் கிடங்கா?" என்றார். சனிக்கிழமை பெற்றோருடன் வந்து பார்ப்பார்; பிடிக்காவிட்டால் பெட்டிகள் அன்றே வெளியேற வேண்டும். செய்தி கேட்டு என்னைவிட அதிகம் கலங்கியவர் அம்புக்குறி மாமாதான்.

"என்கிட்ட விடுங்க டீச்சர். அசத்திடலாம்!"

அசத்தத்தான் செய்தார். நான்கு பெட்டிகளை இணைத்துச் சிவப்புப் பேருந்து ஒன்றைச் செய்து வந்தார். சுழலும் சக்கரம், மணி, இருக்கைகள், அவருடைய மனைவி தைத்த திரைச்சீலைகள்! நானும் சொக்கிப்போனேன். இது போதும் என்று பழைய பெட்டிகளையெல்லாம் மடித்து அகற்றினோம். தவறு எங்கள் இருவருடையதுமே.

சனிக்கிழமை பிள்ளைகள் பேருந்தில் ஏறினார்கள்; மணியடித்தார்கள்; இறங்கினார்கள். மூன்று நிமிடங்கள்கூட ஆகவில்லை.

"அடுத்து என்ன பண்ணணும் டீச்சர்?" என்று கேட்டாள் சுறாமீன் சிறுமி. செயலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"போச்சு. வெளையாட வேண்டியதையெல்லாம் நானே வெளையாடி முடிச்சுட்டேன் டீச்சர்" என்று முணுமுணுத்த அம்புக்குறி மாமா, வெளியே ஓடினார். அன்று கொடுக்கவேண்டிய சலவை இயந்திரத்தின் பெட்டியை உருவிக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். கம்பி பிடுங்கி, விளிம்பு தடவி, நடுக்கூடத்தில் வைத்துவிட்டு ஒதுங்கினார்.

சுறாமீன் உள்ளே நுழைந்து மூடியை இழுத்துக்கொண்டாள். உள்ளிருந்து தட்டும் ஓசை.

"யாரு?"

"ஆஸ்பத்திரி!"

அவ்வளவுதான், கூடமே பொங்கி எழுந்தது! நோயாளிகள் வரிசையில் உருண்டார்கள். ஆம்புலன்ஸுக்குப் பாலம் வேண்டுமென்று பேருந்தின் கூரையைப் பிய்த்தார்கள்.

"கிழிங்க, நல்லாக் கிழிங்க!" என்று கைதட்டினார் அம்புக்குறி மாமா.

"ஏங்க, என் திரைச்சீலை!" என்று அலறினார் பேருந்தைப் பார்க்க வந்திருந்த அவர் மனைவி.

"அது இப்ப பாராசூட்டும்மா!"

பெட்டியிலிருந்து சிறு கை நீண்டு செயலரை அழைத்தது. "சார், உங்களுக்கு ஊசி போடணும்."

"எனக்கா? எனக்கு ஒண்ணுமில்லையே."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. உள்ள வாங்க."

செயலர் சுற்றுமுற்றும் பார்த்தார், செருப்பைக் கழற்றினார், தவழ்ந்து உள்ளே போனார். வெளியே வந்தபோது தலைமுடி கலைந்திருந்தது. "செவ்வாய்க்கிழமை மறுபடி வரச் சொல்லிருக்காங்க. அதுவரைக்கும் ஆஸ்பத்திரியை யாரும் தொடக்கூடாது" என்றார்.

"மாமா, நீங்களும் வாங்க!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

"அய்யோ, மெஷின் சட்டையில்லாம வேன்ல நிக்குது. குடுத்துட்டு வரேன்" என்று அவர் பறந்தார்.

பதினெட்டு ஆண்டுகள் அவர் அப்படியே பறந்துகொண்டிருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மகளுடைய ஊருக்குப் புறப்படும் முன், ஆகப்பெரிய பெட்டியொன்றைக் கொண்டுவந்தார். விளிம்பை இருமுறை தடவினார். போகாமல் நின்றார்.

"இன்னிக்கு வேன்ல எதுவும் காத்திருக்கல டீச்சர்" என்றார் கூச்சத்தோடு. பிறகு பெட்டியருகே குனிந்து, அதற்குள் உள்ளே ஏறிவிட்டிருந்த பிள்ளைகளிடம் கேட்டார்:

"எனக்கு ஒரு எடம் கெடைக்குமா?"