முதுகுத் தையல்

ஒரு கோட்டுக்காக அப்பா என்னோடு பதினாறு நாட்கள் பேசவில்லை. அவருடைய சாவுக்கு நான் நாள் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. இல்லை என்று நிரூபிக்க நான் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. எரிச்சல் அப்பாமேல் இல்லை. பாதி என்மேல், மீதி நான் நேரில் பார்த்தேயிராத ஓர் இளைஞன்மேல்.

அந்த இளைஞன் என் செல்போனில் இருந்தான். ஏதோ ஒரு குளிர்நாட்டில் உட்கார்ந்துகொண்டு, ஆண்கள் எப்படி உடுத்த வேண்டும் என்று தமிழில் வீடியோ போடுகிறவன். நானோ மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். வயது நாற்பத்தைந்து, தொப்பை சுமார். கோட்டின் தோள் எங்கே முடிய வேண்டும், சட்டைக் கை அதற்கு வெளியே எவ்வளவு எட்டிப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் இரண்டே வருடத்தில் எனக்கு மனப்பாடம். கோட்டின் கடைசிப் பொத்தானை ஒருபோதும் போடக்கூடாது என்பதை வேதவசனம்போல் வைத்திருந்தேன். ஆனி மழையில் பழுப்புத் தோல் ஷூ போட்டுப் பள்ளிக்குப் போய், அதை ஜன்னலில் காயவைத்துவிட்டு வெறுங்காலோடு அல்ஜீப்ரா நடத்தியிருக்கிறேன். சிதறால் மலைப் பாறையில் கம்பளிக் கால்சட்டையோடு நின்று, வேர்வையைத் துடைத்துத் துடைத்து, மனைவியைப் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

"அவன் சொன்னா நீங்க கெணத்துலயும் சாடுவிய போல" என்றாள் அவள். நான் கிணற்றில் குதிக்க எந்த ஷூ போட வேண்டும் என்று யோசிக்கிறவன்தான்.

அப்பா இதையெல்லாம் பேப்பருக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருப்பார். பள்ளி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மேல்பையில் ஒரு பேனா. இதைத் தவிர வேறு உடை உலகத்தில் இருப்பதாகவே காட்டிக்கொள்ளமாட்டார்.

அப்போதுதான் அந்த இளைஞன் இத்தாலிக் கோட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். உள்பக்கம் லைனிங் துணி கிடையாது, தோளில் பஞ்சு கிடையாது, போட்டால் போட்டதே தெரியாதாம். வெயில் நாட்டுக்காரனுக்கு அதைவிட்டால் வேறு கதியில்லை என்றான். எனக்கென்றே சொன்னதுபோல் இருந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ சபைக் குடும்பங்களில் ஓர் ஆண் இரண்டு முறைதான் கோட் போடுவான். ஒன்று கல்யாணத்தன்று, இன்னொன்று அவனைப் பெட்டியில் வைக்கும் அன்று. இடைப்பட்ட வருடங்களில் கோட் பீரோவுக்குள் பாச்சை உருண்டையோடு கிடக்கும். இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்ததை மறக்கவைப்பதுதான் அந்த இளைஞனின் திறமை.

மார்த்தாண்டம் சந்தைக்குப் பின்னால் இருக்கும் தையற்கடைக்குப் போனேன். கடைக்காரர் எங்கள் சபைதான். பாடகர் குழுவில் அடித்தொண்டையில் பாடுகிறவர். கல்யாணக் கோட்டுக்கு அவரை விட்டால் ஆளில்லை.

"ஆருக்கு மக்கா கல்யாணம்?"

"கல்யாணத்துக்கு இல்லண்ணே. சும்மா ஒரு கோட்டு."

அவர் கத்தரியைக் கீழே வைத்தார். முந்தின மாதம்தான் அப்பா நெஞ்சுவலியோடு ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பியிருந்தார். சபை முழுக்க அவருக்காக ஜெபம் நடந்திருந்தது.

"அப்பா எப்படி இருக்காவ?"

"இருக்காவண்ணே. பாத்து இருக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"ம்" என்று டேப்பை எடுத்தார். "நீ நில்லு. நீயும் அப்பாவும் ஒரே தேகமாக்கும்."

நான் அதை வெறும் பேச்சு என்று நினைத்துக்கொண்டு என் பட்டியலை ஒப்பித்தேன். உள்துணி வேண்டாம். "வேண்டாம், என்னத்துக்கு?" என்றார். தோளில் பஞ்சு வேண்டாம். "அதும் வேண்டாம்." உள்பை வேண்டாம். "பையில என்னத்தெ வைக்கப் போறோம்?" என்று பெருமூச்சு விட்டார். இத்தாலிப் பாணியை இவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்ட ஆள் மார்த்தாண்டத்திலேயே இருக்கிறாரே என்று எனக்கு ஒரே பூரிப்பு.

"எப்பம் வேணும்?"

"அவசரமில்லண்ணே. பையத் தந்தா மதி."

"தச்சு வச்சிருவோம். நாளும் நேரமும் நம்ம கையிலயா இருக்கு?" என்றார். மின்வெட்டைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அவருடைய வழக்கம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சீக்காய்க் கிடக்கிற ஆளுக்கு அவர் டேப் பிடிக்கமாட்டார். மகனையோ தம்பியையோ நிறுத்தி அளவெடுப்பார். அந்தக் கோட்டின் முதுகை மிஷினில் ஓட்டவும் மாட்டார்; கையால் இடைவெளிவிட்டு நூல் கோத்து வைப்பார். செத்துக் கிடப்பவருக்குக் கோட் போடுவது லேசான காரியமில்லை. நூலை உருவினால் முதுகு இரண்டாகப் பிரிய வேண்டும்.

கோட்டின் அரங்கேற்றத்துக்கு நான் தேர்ந்தெடுத்த நாள் அறுப்பின் பண்டிகை. தோட்டத்தில் விளைந்ததை ஆலயத்துக்குக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் நடக்கும். சாம்பல் நிறக் கோட், கடைசிப் பொத்தான் போடாமல். ஆராதனை முழுக்க ஜனங்கள் என்னையே திரும்பிப் பார்த்தார்கள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஏலத்தில் ஓர் ஏத்தன் வாழைக்குலை என் பெயருக்கு விழுந்தது. பெரிய குலை. தூக்கக் குனிந்தேன். கழுத்திலிருந்து இடுப்புவரை முதுகு சத்தமேயில்லாமல் பிரிந்தது. காற்று பட்டபோதுதான் எனக்கே தெரிந்தது.

பாடகர் அங்கியோடு நின்ற தையல்காரர் நெஞ்சில் கைவைத்தார். "ஐயோ மக்கா, நீயா இதெப் போட்டுட்டு வந்த? அப்பாவுக்குன்னுல்லா நான் முதுகெ விட்டு வச்சேன்!"

அவருடைய குரலுக்கு மைக் தேவையில்லை. பத்தடி தள்ளி, ஏலத்தில் எடுத்த சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அப்பா நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். சேவலை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

அன்றிலிருந்து எனக்கான பேச்செல்லாம் மனைவி வழியாகவே வந்தது. ஒரே அறையில் நான் உட்கார்ந்திருக்க, "மோட்டார் ஓடிட்டுக் கெடக்குன்னு அவன்கிட்ட சொல்லு மோளே" என்பார். அவள் என்னைப் பார்ப்பாள். நான் போய் மோட்டாரை நிறுத்துவேன். ஊரும் சும்மா இருக்கவில்லை. போதகர் வந்து உருக்கமாக ஜெபித்தார். ஆப்பிளும் ரஸ்குமாகச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். அப்பா எல்லோரையும் சிரித்த முகத்தோடு உட்காரவைத்தார். "எனக்க மவன் எல்லாம் ரெடியாக்கி வச்சிருக்கான். நான்தான் லேட்டு" என்றார்.

பொறுக்கமுடியாமல் ஒருநாள் இத்தாலிக் கோட் வீடியோவை அவர் முன்னால் ஓடவிட்டேன். முழுவதையும் பார்த்தார். பிறகு மருமகளிடம் கேட்டார்: "அந்த நாட்டுல செத்தவனுக்க கோட்டெ உசிரோட போட்டுட்டு நடக்கானுவளா?"

அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அதை அவளிடம்கூட நான் சொல்லியிருக்கவில்லை.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த வாரத்தில், அவருடைய காப்பீட்டு அட்டையை எடுக்க நான் அவர் பீரோவைத் திறந்தேன். அட்டை மேல்தட்டிலேயே இருந்தது. எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. கீழே தொங்கிய அவருடைய கல்யாணக் கோட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். காலரிலும் கையிலும் பூச்சி அரித்திருந்தது. 'இது ஆகாது' என்று நினைத்தேன். எதற்கு ஆகாது என்று என் மனசுக்கு நன்றாகத் தெரியும். அங்கே அவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்க, நான் இங்கே அவருக்கு உடை பார்த்துக்கொண்டிருந்தேன். தையல்காரர் முழுக்கத் தப்பாக நினைத்தார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

பதினாறாம் நாள் பள்ளிவிட்டு வந்தபோது அப்பா வீட்டில் இல்லை. என் அறைக் கொக்கியில் தொங்கிய கோட்டும் இல்லை. காலையிலேயே அதைப் பையில் வைத்துக்கொண்டு மார்த்தாண்டம் பஸ் ஏறிவிட்டார் என்றாள் மனைவி. நெஞ்சுவலிக்குப் பிறகு அவர் தனியாக பஸ் ஏறியது அன்றுதான். நான் பைக்கை எடுக்கப் போகையில் வாசலில் வந்து நின்றார்.

வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, அதற்குமேல் அந்தச் சாம்பல் கோட். தோள் எங்கே முடிய வேண்டுமோ அங்கே முடிந்திருந்தது. வேட்டிக்கு இத்தாலிக் கோட் பொருந்துமா என்று அந்த இளைஞன் எந்த வீடியோவிலும் சொன்னதில்லை. சொல்கிறேன், பொருந்தும். என் மேல் ஒருநாளும் அது அப்படி நின்றதில்லை.

"அளவெடுக்கமாட்டேன்னு மொரண்டு பிடிச்சான் மோளே" என்று என் மனைவியிடம்தான் சொன்னார். "நான் சாவாம இஞ்ச நிக்கேம்லா, டேப்பெ எடுலேன்னேன். முதுகெ மிஷின்ல ரெண்டு ஓட்டு ஓட்டியாச்சு. இனி ஆரு குனிஞ்சாலும் பிரியாது."

பிறகு கண்ணாடி முன்னால் போய் நின்றார். என்னைக் கண்ணாடிக்குள் பார்த்தார்.

"எலே."

பதினாறு நாளில் எனக்கென்று வந்த முதல் வார்த்தை. ஓடிப்போய் நின்றேன்.

"பீரோவுல கெடக்க பழசு பூச்சி அரிச்சாச்சு. நீ பாத்திருப்பல்லா?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. "பாத்தேம்ப்பா" என்றேன்.

தலையாட்டினார். கோட்டைக் கீழே இழுத்துவிட்டு, விரலால் பொத்தான்களைத் தடவிக் கடைசிப் பொத்தானில் நிறுத்தினார். "இது போடணுமா, வேண்டாமா?"

"போடக் கூடாதுப்பா."

"அந்தப் பயலும் அதெத்தான் சொல்லுதான்." அப்படியானால் அந்த ஒரு வீடியோவோடு அவர் நிறுத்தவில்லை.

"செரி, இப்பம் தொறந்து கெடக்கட்டும்" என்றார். "அன்னைக்கு நீயே போட்டு விடு."