வெட்டுகிறவரே போய்ச் சொல்ல வேண்டும்

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி பத்து நிமிஷம். பஸ் பாஸைத் தேடிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

“சார், அஞ்சனா. ஒரு சம்சயம் சார்...”

அஞ்சனா யார் என்று சொல்லிவிடுகிறேன். திருவனந்தபுரத்தை ஒட்டிய ஒரு சின்ன நகரசபையின் புதிய துணைத் தலைவர். ஊர்ப் பெயர் வேண்டாமே. வயது முப்பதுக்குள்தான். அம்மா நாகர்கோவில்காரர் என்பதால் மலையாளம் கலந்த தமிழ் நன்றாக வரும். இங்கே நகரசபைத் துணைத் தலைவர்தான் நிதிக் கமிட்டிக்கும் தலைவர். பட்ஜெட் கவுன்சிலுக்குப் போவதற்கு முன்னால், ஒவ்வொரு வரியையும் அந்தக் கமிட்டிதான் பார்த்து அனுப்ப வேண்டும். செலவு பட்ஜெட்டுக்குள் நிற்கிறதா என்று மாதாமாதம் பார்ப்பதும் அதன் வேலை. அந்தக் கமிட்டிக்கு மினிட்ஸ் எழுதும் கிளார்க்காக நான் ஆறு வருஷம் இருந்தேன். அது இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை.

“வாசகசாலைக் கணக்கில் தமிழ் பேப்பர்னு ஒரு வரி கிடக்கு சார். ரெஜிஸ்டர் எடுத்து நோக்கினேன். ஒரு வருஷமா ஒரு கையெழுத்து கூட இல்ல. வாசிக்க ஆளில்லாத பேப்பர் எந்தினா? வெட்டிரலாம்னு இருக்கேன். வெள்ளிக்கிழமை கமிட்டி. பழைய மினிட்ஸ் பார்த்தா உங்க எழுத்து. ‘தமிழ் நாளிதழ் தொடரலாம்.’ அவ்வளவுதான். காரணம் இல்ல. ஓர்மை உண்டோ சார்?”

ஓர்மையா? ஞாபகம் நன்றாகவே உண்டு. ஏனென்றால் இந்தப் பெண் இப்போது சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் ஒரு காலத்தில் நான் சொல்லியிருக்கிறேன்!

பட்ஜெட் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? டிவி, கோடிகள், கோட்டுப் போட்ட நிபுணர்கள்... ஒரு சின்ன ஊரின் பட்ஜெட் அப்படி இருக்காது. அடைந்து போன ஓடை, எரியாத தெருவிளக்கு, சந்தைக் கூரை, நாய்க்கு ஊசி. இதைப் பேச மாடியில் ஒரு நீள அறை. ஒரு மேஜை, ஆறு நாற்காலி, கிறீச்சிடும் ஃபேன். மூன்று மணிக்குச் சாயாவும் பழம்பொரியும் வரும். பழம்பொரி ஆறிப் போவதற்குள் கமிட்டி முடிந்ததாக என் டைரியில் ஒரு நாள் கூட இல்லை.

அப்போது கமிட்டித் தலைவர் லீலா டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். நான் ஒவ்வொரு வரியாக வாசிக்க வேண்டும். டீச்சர் சிவப்புப் பென்சிலை மேஜையில் உருட்டிக்கொண்டே கேட்பார். யாராவது “இதை வெட்டலாம்” என்றால் பென்சில் நின்றுவிடும்.

“வெட்டாம். ஆனா வெட்டுந்நவர் போய்ப் பறயணும்.”

வெட்டலாம், ஆனால் வெட்டுகிறவரே போய்ச் சொல்ல வேண்டும் — இதுதான் டீச்சரின் சட்டம். எந்த விதிப் புத்தகத்திலும் கிடையாது. ஒரு செலவை நிறுத்தச் சொல்கிறவர், அடுத்த கமிட்டிக்குள் நேரில் போய், அதனால் நஷ்டப்படுகிறவர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வர வேண்டும். அதற்குப் பிறகுதான் பென்சில் இறங்கும்.

ஒரு முறை கவுன்சிலர் வாசு, துப்புரவுப் பெண்களுக்குக் கொடுக்கும் சோப்பையும் தேங்காய் எண்ணெயையும் வெட்டச் சொன்னார். கையில் கடிகாரம், கழுத்தில் செயின் — சிக்கனத்தில் அவருக்குத் தனி ஆர்வம். மறுநாள் காலை, அந்தப் பெண்கள் பெருக்கும் சந்தைக்குப் போனார். அடுத்த கமிட்டிக்கு வந்து, நாற்காலியில் உட்காரும் முன்பே சொன்னார்.

“டீச்சரே, அது அவிடெ கிடக்கட்டே.”

“அவங்க என்ன பறஞ்ஞு, வாசு?”

“ஒண்ணும் பறஞ்ஞில்ல. ஒரு அம்மை ஓடை வாரின கையை நீட்டி, மணத்து நோக்குன்னாங்க.”

அதற்குப் பிறகு வாசு பட்ஜெட்டில் அந்தப் பக்கத்தைத் திருப்பியதே இல்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். எனக்குப் பதிவேடுகள் என்றால் உயிர். ஒரு பிப்ரவரியில் வாசகசாலைப் பதிவேட்டைப் புரட்டினேன். மலையாளப் பத்திரிகைகளுக்கு எதிரே வரிசையாகக் கையெழுத்து. தமிழ் நாளிதழுக்கு எதிரே... வெள்ளைத் தாள். பன்னிரண்டு மாதமும் வெள்ளை! அழகாகக் கட்டம் போட்டு ஒரு குறிப்பு எழுதி வைத்தேன். ‘வாசகர் இல்லை. நிறுத்தலாம்.’ திருவனந்தபுரம் கரமனைத் தமிழனான நானே தமிழ் பேப்பரை வெட்டச் சொன்னதில் ஒரு பெருமை வேறு. பாரபட்சம் இல்லாதவன் அல்லவா!

டீச்சர் குறிப்பை இரண்டு தடவை படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“மணி எழுதியது. மணி போய்ப் பறயட்டே.”

“யாரிடம் சொல்ல, டீச்சர்? வாசகர்தான் இல்லையே?”

“இல்லெங்கில், இல்லாத்தவரிடம் பறஞ்ஞிட்டு வா. அதிகாலையில் போ. தமிழ்க்காரர் வாசகசாலை ஜங்ஷனில் நிக்குந்ந நேரம்.”

கரமனையிலிருந்து முதல் பஸ் பிடித்தேன். இரண்டு பஸ் மாறி இறங்கும்போது ஆறேகால். நல்ல மழை. வாசகசாலை திறக்கும் நேரம் ஒன்பது மணி என்று பலகை சொல்கிறது. ஆனால் கதவு திறந்திருந்தது. உள்ளே நனைந்த சட்டைகளோடு இருபது பேர். காலடியில் தூக்குச் சட்டி, கொத்துக் கரண்டி, சிமென்ட் படிந்த பை. கட்டட வேலைக்குக் கூட்டிப் போக வண்டி வரும் வரைக்கும் நிற்கிறவர்கள்.

நடுவில் ஒருவர் பெஞ்சில் ஏறி உட்கார்ந்து தமிழ் பேப்பரைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். பெயர் சுடலைமுத்து. அம்பாசமுத்திரம் பக்கம்.

“எண்ணே, கொலைக் கேசெல்லாம் பொறவு வாசி. மொதல்ல அணையச் சொல்லு.”

“இரு வே, பக்கம் திருப்பாண்டாமா... பாவநாசம், நேத்தைக்கு விட ரெண்டடி கூட.”

“அப்பம் கால்வாய்ல விட்டுருவான்லா?”

“விட்டுருவான், விட்டுருவான். ஒன் பொண்டாட்டி நாத்துப் பாவிட்டுக் காத்துக் கெடக்கா. நீ இங்கன கெடந்து செங்கல் சொமக்க.”

ஒரே சிரிப்பு. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. உள்பக்கம் ஒரு மூலையில் அச்சடித்திருக்கும் அணை நீர்மட்டம்! நான் ஒருநாளும் பார்த்திராத கட்டம். அதைப் பார்த்துத்தான் இவர்கள் எந்த வாரம் ஊருக்குப் போவது என்று தீர்மானிக்கிறார்கள். ஒரு பேப்பர், இருபது குடும்பம்.

அப்படியானால் கையெழுத்து? பெருக்கிக்கொண்டிருந்த சரசம்மா என்னை அடையாளம் கண்டு வெளிறிப் போனார். அவர் வாசகசாலையைச் சுத்தம் செய்கிறவர். சாவியில் ஒன்று அவரிடம். பதிவேடோ அலமாரியில். அலமாரிச் சாவி, ஒன்பது மணிக்கு வரும் நூலகரிடம்.

“சாறே, ஒன்பதுக்குத்தான் திறக்கணும்னு எனிக்கு அறியாம். மழையல்லே... இவங்க எவிடெ போய் நிக்கும்? சாறே, இதை எழுதிக் கொடுத்துராதீங்க.”

எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தேன் — பேப்பரைப் பற்றி. சுடலைமுத்து எழுந்து பெஞ்சைத் துடைத்துவிட்டார்.

“உக்காருங்க சார். பேப்பர் வாசிக்கவா வந்திய? இந்தாங்க, சினிமாப் பக்கம் வேணா மொதல்ல பாருங்க.”

உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் சினிமாப் பக்கம் பார்த்தேன். சொல்ல வந்ததைச் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

டீச்சரிடம் மாடிப்படியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் படியில் வேறு யாரும் வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “காரணம் எழுதினால் ஆடிட்காரர் சரசம்மையைப் பிடிக்கும். நேரம் தெற்றி, ஒன்பதுக்கு முன்பே திறந்தது யார்னு. ‘தொடரலாம்’னு மாத்ரம் எழுது.”

எழுதினேன். தமிழ் நாளிதழ் தொடரலாம். என் சர்வீஸிலேயே காரணம் இல்லாமல் நான் எழுதிய ஒரே முடிவு அது. அன்றைய டைரியில் மழை, பஸ் டிக்கெட், பெஞ்சின் ஆடுகிற கால் எல்லாம் இருக்கிறது. மினிட்ஸில் அந்த மூன்று வார்த்தைதான்.

இப்போது டீச்சர் இல்லை. சரசம்மா எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டார். இவ்வளவையும் அஞ்சனாவிடம் போனில் சொல்லி முடித்தேன்.

“அப்போ... நானும் போகணும், அல்லே சார்?”

“வெட்டுகிறவர்தானே போகணும்? ஆறு மணிக்குப் போங்க. குடை எடுத்துக்கோங்க.”

வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. போனைச் சார்ஜில் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஏழு மணிக்கு அழைத்தார்.

“போயிட்டு வந்தேன் சார். கதவு ஆறு மணிக்கே திறந்துதான் இருக்கு. சரசம்மா போகும்போது அடுத்த ஆளுக்குச் சொல்லிட்டுப் போனாங்களாம். இப்போ நிக்கிறது அதிகமும் பெங்கால் பையங்க. தமிழ் ஆளு நாலஞ்சு பேர்தான். உங்க சுடலைமுத்து அண்ணன் இருக்கார் சார்! இப்போ மேஸ்திரி. முடியெல்லாம் நரைச்சாச்சு.”

“சொன்னீங்களா?”

“சொன்னேன். பேப்பரை நிறுத்தப் போறோம்னு முகத்தைப் பார்த்தே சொன்னேன். அவர் சிரிச்சார் சார். ‘நிறுத்திக்கோங்கம்மா, அணைத் தண்ணியெல்லாம் இப்பம் போன்லயே வந்துருது. பேப்பர் இல்லன்னா என்ன? ஆனா கதவ மட்டும் அடைச்சுராதிய. மழைக்கு நிக்க வேற எடம் கெடையாது பாத்துக்கிடுங்க’ன்னார்.”

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன். அன்று நான் காப்பாற்றியது பேப்பரையா, கதவையா? தெரியவில்லை.

“உங்களைப் பற்றியும் கேட்டார் சார். ‘ஒரு சார் வந்து சினிமாப் பக்கம் பாத்துட்டு, டைரில என்னமோ குறிச்சிட்டுப் போனாரே... அவரு எதுக்கு வந்தாருன்னு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல’ன்னார்.”

வெள்ளிக்கிழமை கமிட்டியில் தமிழ் பேப்பர் போயிற்று. அதே கூட்டத்தில், வாசகசாலையைக் காலை ஆறு மணிக்குத் திறக்கவும், திறக்கிறவருக்குக் கூடுதல் நேரப் படி கொடுக்கவும் ஒரு புதிய வரி சேர்ந்தது. அஞ்சனா மினிட்ஸைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். முடிவுக்குக் கீழே, ‘காரணம்: வேலைக்குக் காத்திருப்பவர்கள் மழைக்கு ஒதுங்க வேறு இடமில்லை.’

ஒரு வரிதான். இருபத்திரண்டு வருஷமாக நான் பாக்கி வைத்திருந்த வரி.