தேடினால் வராத பூட்டுக்கடை

அப்பா பூட்டுக்காரர். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும் கடை. சுவர் முழுக்க வெட்டாத சாவிகள், ஒரு சாவி வெட்டும் மெஷின், ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில்தான் போன மாதம் ஒரு மதியம் சாய்ந்தார். எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். அறுபத்து மூன்று வயது.

அவருக்கு யார் மேலும் லேசில் நம்பிக்கை வராது. சாவி தொலைந்துவிட்டது, கதவைத் திறக்க வாருங்கள் என்று யார் கூப்பிட்டாலும் மூன்று கேள்வி கேட்பார். வீடு யார் பெயரில் இருக்கிறது? கரண்ட் பில் இருக்கிறதா? பக்கத்து வீட்டில் உங்களை அடையாளம் சொல்வார்களா? மூன்றுக்கும் பதில் வந்த பிறகே பையைத் திறப்பார். மழையில் நனைந்துகொண்டு நின்ற ஒரு வக்கீல், கோர்ட்டில் தானே இவ்வளவு கேட்டதில்லை என்று கத்தியிருக்கிறார். தெருவில் அப்பாவுக்குப் பெயரே ‘மூணு கேள்வி’. வீட்டிலும் அதே கதைதான். படிக்கிற காலத்தில் நான் காலேஜிலிருந்து பத்து நிமிடம் தாமதமாக வந்தால் பஸ் நம்பர் கேட்பார். மறுநாள் அந்த பஸ் கண்டக்டரிடம் விசாரிப்பார்.

நான் செய்வது இணையதள வேலை. கம்பெனிகளின் பக்கங்களைத் தேடலில் மேலே கொண்டுவருவது. ஐந்து வருடத்துக்கு முன்பு அப்பாவின் கடைக்கும் ஒரு பக்கம் செய்துகொடுத்தேன். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பகுதியிலும் மெட்டா டேக் என்று சில வரிகள் இருக்கும். பார்க்கிறவர் கண்ணில் படாது, தேடுபொறி படிக்கும். பக்கத்தின் தலைப்பு இது, சுருக்கம் இது என்று அதற்குச் சொல்வது அந்த வரிகள்தான். இதை அப்பாவுக்கு விளக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. கண்ணுக்குத் தெரியாத வரி என்றதுமே அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். யார் எழுதினாலும் அது படிக்குமா, பொய் எழுதினால் என்ன செய்யும் என்று கேட்டார். பூட்டு, சாவி, லாக்கர், தாழ்ப்பாள் என்று அறுபது சொற்களை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார், தேடும் சொற்களுக்கான கீவேர்ட்ஸ் டேகில் போடுவதற்கு. பெரிய தேடுபொறிகள் அந்த டேகை இப்போது கண்டுகொள்வதில்லை என்றேன்.

“அப்ப எதுக்கு இன்னும் வச்சிருக்கான்?” என்றார்.

சுருக்கத்தில் ‘அடையாளம் காட்டாதவர்கள் அழைக்க வேண்டாம்’ என்று எழுதச் சொன்னார். வாடிக்கையாளரை வா என்று கூப்பிடுகிற இடத்தில் வராதே என்று எழுதுவதா என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவர் பிடிவாதம் ஜெயித்தது. அதைப் பார்த்து மற்ற கடைகளைவிட அப்பாவை நம்பிக் கூப்பிட்டார்கள் என்பதுதான் வேடிக்கை. தலைப்பை நான் சரியாக எழுதினேன்: பகுதியின் பெயர், பூட்டுத் திறப்பு, இருபத்து நான்கு மணி நேரம். மூன்று மாதத்தில் எங்கள் பகுதியில் யார் தேடினாலும் முதலில் வந்தது அப்பா கடை. எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

பிறகு போன் வருவது நின்றது. அம்மாதான் சொன்னாள், சில மாதமாக முன்போல இல்லை என்று. சீசன் டல்லாக இருக்கும் என்றேன். அப்பாவிடம் கேட்டால் “ம்” என்பார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, கடையை மாமாவிடம் கொடுத்துவிடலாம் என்றாள் அம்மா. மாமா அவளுடைய தம்பி. பதினோரு வருடம் அப்பாவுக்குக் கூடமாட வேலை செய்தவர். இரண்டு வருடமாகத் தனியாக ஒரு வேனும் வைத்திருக்கிறார், கார் பூட்டுக்கு. சாவியை ஏற்கெனவே கொடுத்தும் விட்டாள். கடையை முறையாக மாற்றிக்கொடுப்பதற்கு முன் அதன் பக்கத்தை ஒழுங்கு செய்துவைப்போம் என்று போனில் தேடினேன். அப்பா கடை வரவில்லை. இரண்டாம் பக்கத்தில் இல்லை, பத்தாம் பக்கத்திலும் இல்லை. முதலிடத்தில் இருந்தது மாமாவின் வேன்.

பக்கத்தின் நிரலைத் திறந்து பார்த்தேன். தலைப்பகுதியில் நான் எழுதாத ஒரு வரி: நோஇண்டெக்ஸ். இந்தப் பக்கத்தைப் பட்டியலில் சேர்க்காதே என்று தேடுபொறிக்குச் சொல்லும் மெட்டா டேக். தவறி விழுகிற வரியல்ல அது. ஒருவர் தெரிந்து போட வேண்டும்.

பக்கத்தை யார், எப்போது மாற்றினார்கள் என்ற பதிவைப் பார்த்தேன். எட்டு மாதத்துக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்து. கடைக் கம்ப்யூட்டரிலிருந்து, அப்பாவின் கணக்கில். செவ்வாய்க்கிழமை காலையில் அப்பா கடையில் இருக்கமாட்டார். சாவி வாங்க மொத்த வியாபாரக் கடைக்குப் போவார். கடையில் இருப்பது மாமா. பாஸ்வேர்டு மானிட்டரின் பின்பக்கம் ஒட்டியிருந்தது. அப்பா உலகத்தையே சந்தேகப்பட்டார், மானிட்டரின் பின்பக்கத்தைத் தவிர.

எல்லாம் பொருந்தியது. சடங்கு நாட்களில் மாமா என் முகத்தைப் பார்க்கவே இல்லை என்பதும் அப்போது ஞாபகம் வந்தது. கூட இருந்தே குழி பறித்திருக்கிறார் என்று அம்மாவிடம் சொன்னேன். திரையைக் காட்டினேன். அவளுக்கு வரி புரியவில்லை, தேதி புரிந்தது. அன்று மாலையே தம்பியைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டரில் நீ செய்தது தெரிந்துவிட்டது என்று சொல்லிக் கடைச் சாவியைத் திரும்பக் கேட்டாள். அவர் என்ன என்றுகூடக் கேட்காமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். குற்றம் செய்யாதவன் கேட்டிருப்பான் என்றேன் நான். ஒன்பது நாள் அக்காவும் தம்பியும் பேசவில்லை. அம்மா சரியாகச் சாப்பிடவும் இல்லை.

பத்தாம் நாள் மாமா கடை வாசலுக்கு வந்தார். நான் உள்ளே அப்பாவின் பொருட்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் படியேறவில்லை. என்னமோ கம்ப்யூட்டர்ல நான் பண்ணிட்டேன்னு அக்கா அன்னிக்கு சொல்லுச்சு, என்னன்னு எனக்கும் சொல்லு என்றார். சொன்னேன்.

“அது உங்கப்பா போட்டது” என்றார்.

செத்தவர் மேல் பழி போடுவது சுலபம் என்றேன். அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சொன்னார்.

அந்தச் செவ்வாய்க்கு முதல் நாள் ஓர் ஆள் கூப்பிட்டிருக்கிறான். மாடி வீடு. சாவி தொலைந்துவிட்டது, உள்ளே யாரும் இல்லை என்றான். அப்பா மூன்று கேள்வியும் கேட்டார். வீடு அவன் பெயரில். பில் அவன் பெயரில். பக்கத்து வீட்டுக் கிழவர் அவனுக்கு வணக்கமே வைத்தார். கதவு திறந்தது. உள்ளே அவன் மனைவி நின்றிருந்தாள். அவனுக்குப் பயந்து அவள்தான் பூட்டை மாற்றியிருந்தாள். பையைப் பிடித்துக்கொண்டு மாமா கூட இருந்தார். அவன் இருவருக்கும் நன்றி சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான். பாதிப் படி இறங்குவதற்குள் சத்தம் கேட்டது. அப்பா திரும்ப ஏறிக் கதவை இடித்தார், ஆட்களைக் கூப்பிட்டார். அந்தப் பெண்ணுக்குக் கை உடைந்திருந்தது.

“கேள்வியெல்லாம் அவன்கிட்டயே கேட்டோம்மா. கதவ ஒரு தட்டு தட்டல” என்றார் மாமா. “பூட்டின கதவ எவன் தட்டுவான், சொல்லு.”

கதவைத் திறக்கப் போகும் வழியில் அந்த ஆள் சொன்னானாம்: போனில் தேடினேன், முதலில் வந்தது நீங்கள்தான் என்று. அன்றிலிருந்து அப்பா தேடி வருகிறவர்கள் வேண்டாம் என்று முடிவு செய்தார். தெரிந்தவர்கள் சொல்லி வந்தால் மட்டும் போவார். போனாலும் வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கும்போதே கதவைத் தட்டி, நின்று, காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் கம்பியை எடுப்பார். வீட்டில் சொல்லக்கூடாது என்று மாமாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

நன்றாகக் கட்டிய கதை என்றுதான் நினைத்தேன். மெட்டா டேகில் நோஇண்டெக்ஸ் போட அப்பாவுக்கு எங்கே தெரியும் என்று கேட்டேன்.

“நீதான் சொல்லிக்கொடுத்தியாம், அவரே சொன்னாரு.”

மாமாவைப் பொய்யராக்கவே போனை எடுத்தேன். அப்பாவின் பழைய மெசேஜ்களைத் திறந்து மேலே மேலே தள்ளினேன். அந்தச் செவ்வாய், பதினொன்று இரண்டு. ‘ஒரு பக்கம் தேடினா வரக்கூடாதுன்னா என்ன வரி போடணும்?’ என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே அந்த வரி, முழுதாக, நான் அனுப்பியது. அதற்கும் கீழே: ‘ஹெட் உள்ள போடுங்கப்பா. மீட்டிங்ல இருக்கேன்.’ அவர் ‘சரி’ என்று போட்டிருந்தார். எட்டு நிமிடத்தில் போட்டும் முடித்திருக்கிறார். அன்று அவர் மொத்தக் கடைக்குப் போகவில்லை.

இதே வரியை வாரத்துக்கு நான்கு பேருக்கு அனுப்புகிறேன். எந்தப் பக்கம், ஏன் என்று யாரையும் கேட்டதில்லை. அப்பாவையும் கேட்கவில்லை. ஒரு கேள்விகூட.

மாமாவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா முன்னால் போனை வைத்து, தப்பு என்னுடையது, மாமா மேல் ஒன்றுமில்லை என்றேன். நடந்ததை மாமா திரும்பச் சொன்னார். அம்மா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“அந்தப் பொண்ணு இப்ப எப்படிடா இருக்கா?” என்று தம்பியிடம் கேட்டாள்.

கை சேர்ந்துவிட்டது, அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள், அங்கே பூட்டு மாட்டிக்கொடுத்தது அப்பாதான் என்றார் மாமா.

அம்மா எழுந்துபோய்ச் சாவியை எடுத்துவந்து தம்பியின் கையில் வைத்தாள். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இனிமேலாவது அக்கா சோறு போடுவாளா என்று என்னிடம் கேட்டார். அம்மா உள்ளே போனாள். பாத்திரச் சத்தம் கேட்டது.

சாப்பிடும்போது மாமா, அந்த வரியை எடுத்துவிடப் போகிறாயா என்று கேட்டார். ஒரு நிமிட வேலை. எடுத்தால் சில வாரங்களில் கடை பழையபடி தேடலில் வர ஆரம்பிக்கும்.

இல்லை என்றேன். அது அப்பாவின் பக்கம், அப்படியே இருக்கட்டும்; நீங்கள் நடத்தப்போகும் கடைக்குப் புதிதாக ஒரு பக்கம் செய்கிறேன், யார் வரலாம், என்ன எழுதலாம் என்று நீங்களே சொல்லுங்கள் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.