மனைவியின் கம்ப்யூட்டரில் பீட்டா

ஒரு கம்பெனி அரைகுறையாகச் செய்த சாமானை, இது அரைகுறைதான் என்று அதுவே எழுதிக் கொடுத்த பிறகும், முண்டியடித்து முதல் ஆளாக வாங்கி, அதிலுள்ள ஓட்டை உடைசலைச் சம்பளம் இல்லாமல் கண்டுபிடித்துக் கொடுப்பதற்கு உலகம் பூராவும் ஒரு கூட்டம் இருக்கிறது. பொது பீட்டா சோதனை என்று அதற்கு கௌரவமாக ஒரு பெயர். நம்முடைய ஆள் அந்தக் கூட்டத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். பகலில் பெயிண்ட் கிடங்கில் ஸ்டாக் பார்க்கிற வேலை. எந்த டப்பா வந்தது, எது போனது, எதன் மூடி வீங்கியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதை ஏனோதானோவென்று செய்வார். கண்ணும் கருத்துமெல்லாம் சாயங்கால வேலைக்குத்தான்.

சொந்தக்காரர்கள் அவரை டெஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். அது கேலி என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

ஆரம்பம் போனில். பீட்டா போட்ட அவருடைய போனில் படம் பிரமாதமாக எடுக்கலாம், வழி பார்க்கலாம், அழைப்பு மட்டும் வராது. மாமனார் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த அன்று ஆள் மாற்றி ஆள் கூப்பிட்டுப் பார்த்தார்கள். இவர் சாயங்காலம் சாவகாசமாக வீடு வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டு "அடடா" என்றார். அந்த அடடா யாருக்காக என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது. மனிதர் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒவ்வொருவரிடமும் போய், நீங்கள் எத்தனை மணிக்குக் கூப்பிட்டீர்கள், மணி அடித்ததா, அடிக்காமலே கட் ஆனதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். பிழை அறிக்கைக்கு வேண்டுமாம். மாமனாரையும் கேட்டிருப்பார், அவருக்கு மயக்க மருந்து கொடுத்திருந்ததால் தப்பித்தார்.

அப்படிப்பட்டவருக்கு, ஒரு பெரிய கம்பெனி புதிய ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஒன்றைப் பொதுச் சோதனைக்கு விடுகிறது என்று தெரிந்ததும் தலைகால் புரியவில்லை. பெயரைப் பதிவு செய்தார். 'எங்கள் குடும்பத்துக்கு உங்களை வரவேற்கிறோம்' என்று லட்சக்கணக்கான பேருக்குப் போன மெயில் அவருக்கும் வந்தது. அதை மனைவியிடம் காட்டினார்.

"பரவாயில்லையே, ரெண்டாவது குடும்பம் வேற ஆயிடுச்சா உங்களுக்கு?" என்றாள் அவள், நூல் கோத்துக்கொண்டே.

அவளுக்கு எம்பிராய்டரி தொழில். வீட்டு முன்னறையில் பாதியை அவளுடைய மெஷின் அடைத்துக்கொண்டிருந்தது. பழைய மெஷின், ஆனால் திடமானது. பூவோ பெயரோ சின்னமோ, கம்ப்யூட்டரில் வரைந்து கேபிள் வழியாக அனுப்பினால், வளையத்தில் மாட்டிய துணியில் ஊசி தானாகத் தைத்துவிடும். கேபிளைத் தவிர வேறு வழியில் அதற்கு எதுவும் புரியாது. மெஷினை விற்றவர் அன்றைக்குப் போட்டுக் கொடுத்த சாஃப்ட்வேர்தான் இன்றைக்கும். விற்றவர் எப்போதோ கடையை மூடிவிட்டுப் போய்விட்டார். இத்தனை வருஷம் துண்டில் பெயரும் தலையணை உறையில் பூவுமாகத் தைத்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த மாதம்தான் ஒரு பெரிய ஆர்டர் வந்திருந்தது. புதிதாகத் திறக்கப்போகிற ஆஸ்பத்திரி ஒன்றின் நர்சுகள், டாக்டர்கள் எல்லோருடைய கோட்டிலும் பெயரும் சின்னமும் தைக்க வேண்டும். திறப்பு நாளுக்குள் நல்லபடியாகக் கொடுத்துவிட்டால் வருஷா வருஷம் அவளுக்கே என்று ஆஸ்பத்திரி ஸ்டோர் மேலாளரான ஒரு அம்மாள் வாக்குக் கொடுத்திருந்தார்.

டெஸ்டருடைய லேப்டாப்பில் புதிய சிஸ்டம் ஏறவில்லை. வயதாகிவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பியது. அவர் கண் மெதுவாக முன்னறைப் பக்கம், மெஷினோடு மாட்டியிருந்த மனைவியின் லேப்டாப் மேல் திரும்பியது. அது இவருடையதைவிடக் கொஞ்சம் இளசு.

சாம்பிள் காட்ட அவள் ஆஸ்பத்திரிக்குப் போன நேரம் பார்த்து வேலையில் இறங்கினார். நடுவில் திரையில் ஒரு எச்சரிக்கை வந்தது. 'நீங்கள் வேலைக்கு நம்பியிருக்கும் கம்ப்யூட்டரில் இதை நிறுவ வேண்டாம்.' டெஸ்டர் நேர்மையானவர், அதனால் யோசித்தார். இதை நான் எந்த வேலைக்கு நம்பியிருக்கிறேன்? எதற்கும் இல்லை. நம்பியிருப்பது அவள்தானே? மனசாட்சிக்கு ஒரு குறையும் வைக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதை அமுக்கினார்.

அவள் கோட்டு மூட்டையோடு திரும்பி வந்தபோது வாயெல்லாம் பல்லாக நின்றார். "பார்த்தியா, ஜன்னல் எல்லாம் எப்படி வழுக்கிக்கிட்டுத் திறக்குது!"

அவள் மூட்டையை இறக்கிவிட்டு முதல் பெயரை அனுப்பினாள். பக்கத்தில் கல்லு மாதிரி நின்ற மெஷினைப் பார்த்து, அப்படி ஒரு சாதனமே இல்லை என்றது கம்ப்யூட்டர். கேபிளைக் கழற்றி மாட்டினாள். இல்லை. அணைத்துப் போட்டாள். இல்லை.

"என்னங்க பண்ணி வச்சீங்க?"

டெஸ்டர் முகத்தில் ஒரு ஒளி வந்தது. கல்யாணத்தன்றுகூட அப்படி வந்ததாக யாரும் சொன்னதில்லை. "இருந்த இடத்தை விட்டு அசையாதே. எதையும் தொடாதே. இது இதுவரைக்கும் யாரும் ரிப்போர்ட் பண்ணாத பிரச்சினை!"

பிடிக்காவிட்டால் பத்து நாளுக்குள் ஒரு பொத்தானை அமுக்கிப் பழைய சிஸ்டத்துக்கே திரும்பிவிடலாம். கம்பெனியே வைத்துக் கொடுத்திருந்த வசதி அது. பத்து நாள் போனால் பொத்தான் மறைந்துவிடும், அப்புறம் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் பழையதைப் போட முடியும், கிடைக்காத அந்த சாஃப்ட்வேரும் அதோடு போகும். இது அவருக்கு அட்சரம் பிசகாமல் தெரியும். அன்றைக்கே அதை அமுக்கவும்தான் நினைத்தார், அறிக்கையை எழுதி அனுப்பிய கையோடு. ஆனால் மறுநாள் பதில் வந்துவிட்டது. கம்பெனியின் இன்ஜினியர் ஒருவர் நேரடியாக எழுதியிருந்தார். 'மிகச் சிறப்பான அறிக்கை. ஆராய்வதற்கு வசதியாகக் கம்ப்யூட்டரைத் தயவுசெய்து இதே நிலையில் வைத்திருங்கள். தினமும் சாதனத்தை இணைத்துப் பார்த்து, என்ன நடக்கிறது என்ற பதிவுகளை அனுப்பி உதவுங்கள்.'

கிடங்கில் இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் சிறப்பு என்ற வார்த்தையைச் சொன்னதில்லை. மிகச் சிறப்பு என்றால் கேட்கவே வேண்டாம். அதைத் திரும்பத் திரும்பப் படித்தார், குளித்துவிட்டு வந்து ஒருமுறை படித்தார். பாவம்தான். ஆனால் அந்தப் பாவத்துக்காக அடுத்து அவர் செய்ததை மன்னிக்க முடியாது.

"பழையபடி மாத்த முடியாதாங்க?" என்று மனைவி கேட்டாள்.

"அதெல்லாம் முடியாது. அவங்க அப்டேட் விடுவாங்க. நான்தான் பேசிக்கிட்டிருக்கேனே."

அவள் நம்பினாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் இவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து "இப்ப ஆன் பண்ணு", "ஆஃப் பண்ணு", "கேபிளை எடு", "மறுபடி சொருகு" என்று சொல்லச் சொல்ல, அவள் முகம் கோணாமல் செய்தாள். தனக்காக மனிதர் மாடாக உழைக்கிறார் என்று நினைத்து, கேட்காமலே காபி போட்டு வந்து வைத்தாள். அவரும் குடித்தார். நாக்கு கூசவில்லை. பகலில் அவள் கோட்டுகளில் பெயரைக் கையாலேயே தைத்துப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் பொத்தலானது. கொதிநீரில் துவைக்கிற துணி, கைத்தையல் தாங்காது என்று ஸ்டோர் அம்மா சொல்லிவிட்டார். திறப்பு நாள் நெருங்க நெருங்க போன் மேல் போன் வந்தது. "வீட்டுக்காரர் சரி பண்ணிக்கிட்டு இருக்கார்மா, இன்னிக்கு நாளைக்குள்ள ஆயிடும்" என்று சொல்லிச் சொல்லி அவள் குரல் சுருதி இறங்கிப்போனது.

பத்து நாள் முடிந்த மறுநாள் அவளுடைய தம்பி வந்தான். பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியன். அக்கா வளையத்தில் கோட்டை மாட்டி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்தான்.

"மாமா, இந்த மாதிரி சமாச்சாரத்துல பழசுக்குத் திரும்புற வசதி ஒண்ணு இருக்குமே? என் போன்ல இருந்துச்சு."

வேறு எவனாக இருந்தாலும் இந்த இடத்தில் எச்சிலை விழுங்கியிருப்பான். பெருமை அடித்துக்கொள்ள இப்படி ஒரு வாய்ப்பு வந்தால் டெஸ்டரால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா? நெஞ்சை நிமிர்த்தினார். "இருந்துச்சு மாப்ளே. நேத்தோட முடிஞ்சுது. எத்தனை பேர் பயந்துக்கிட்டு அமுக்கிட்டு ஓடியிருப்பாங்க தெரியுமா? நான் அசையலையே! இந்த ஒரு கேஸ் முழுசா நிக்குதுன்னா அது என்னாலதான்."

தம்பி அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அப்போதும் அவருக்கு உறைக்கவில்லை, பாராட்டுக்காக மச்சான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருந்துச்சா?" என்றாள் மனைவி.

"இல்ல, அந்த இன்ஜினியர் கேட்டுக்கிட்டாரு..."

"ஆன் பண்ணு, ஆஃப் பண்ணுன்னு சொன்னதெல்லாம்?"

"பதிவு எடுக்க."

"எனக்கு சரி பண்றீங்கன்னு நெனச்சேன்."

அவள் எழுந்தாள். வளையத்திலிருந்து கோட்டைக் கழற்றி மடித்தாள். எல்லாவற்றையும் மூட்டை கட்டி, அன்றைக்கே கொண்டுபோய் ஸ்டோர் அம்மாவிடம் கொடுத்து, என்னால் முடியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். ஆர்டர் வேறு ஒருவருக்குப் போனது. அடுத்த நாள் தம்பி ஒரு வேன் கொண்டுவந்தான். மெஷினை ஏற்றினார்கள், அவளுடைய துணிப் பையும் கூடவே ஏறியது. டெஸ்டர் ஒரு பக்கம் கை கொடுத்துத் தூக்கினார். கோபம் ஆறினால் வந்துவிடுவாள் என்று நினைத்தார். "கேபிள் பத்திரம்" என்று ஒரு தடவை சொன்னார். தம்பி அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

கம்ப்யூட்டரை அவள் எடுக்கவில்லை. "அது உங்க ரெண்டாவது குடும்பத்தோட இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். தம்பி எங்கெங்கோ அலைந்து, மெஷின் விற்றவரிடம் முன்பு வேலை பார்த்த மெக்கானிக் ஒருவரைப் பிடித்து, அந்தப் பழைய சாஃப்ட்வேரைத் தேடி எடுத்து, ஒரு பழைய கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தான். அதற்குள் ஆஸ்பத்திரி திறந்து பல வாரம் ஆகியிருந்தது. அவள் மறுபடி துண்டிலிருந்து ஆரம்பித்தாள்.

டெஸ்டர் கிடங்குக் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டு ஓட்டினார். மனைவி எங்கே என்று கேட்டவர்களிடம் தம்பி வீட்டில் கொஞ்ச நாள் இருக்கிறாள் என்றார். ஒரு நாள் இன்ஜினியரிடமிருந்து மெயில் வந்தது. பிழை சரி செய்யப்பட்டுவிட்டது, புதிய அப்டேட்டைப் போட்டு உங்கள் மெஷினில் உறுதி செய்து சொல்லுங்கள் என்று இருந்தது. டெஸ்டர் வேலைக்கு லீவு போட்டார். மாமனார் இடுப்புக்குக்கூட லீவு போடாத மனிதர். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனார்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் இவரைப் பார்த்ததும் அவள் அதை நிறுத்தினாள். எழுந்து, நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்துவிட்டு இடம் பண்ணினாள்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"இளைச்சுட்டீங்க."

அவர் ஏதோ சொல்லப்போகிறார் என்று அவள் நின்றுகொண்டே இருந்தாள். ஒரு வார்த்தை போதும். எந்த வார்த்தையாக இருந்தாலும் அவள் எடுத்துக்கொண்டிருப்பாள், அவ்வளவு தயாராக நின்றாள். டெஸ்டர் உட்கார்ந்தார். பையைத் திறந்து கம்ப்யூட்டரை வெளியே எடுத்தார்.

"ஒரு அஞ்சு நிமிஷம்தான். அந்தக் கேபிளை மட்டும் கழட்டி இதுல சொருகு. சரியாயிடுச்சுன்னு சொல்றாங்க, பார்த்துட்டு எழுதணும்."

அவள் மெஷின் பக்கம் திரும்பினாள்.

"உங்களைப் பார்த்ததும் மெஷினை நிறுத்துனேன் பாருங்க, அது என் தப்பு" என்றாள். உட்கார்ந்து பொத்தானை அமுக்கினாள். ஊசி விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் அவர் இரண்டு தடவை ஏதோ சொன்னார், அவள் நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்து, முன்னறையில் மெஷின் இருந்த பக்கம் தரையிலேயே உட்கார்ந்து, டெஸ்டர் இன்ஜினியருக்குப் பதில் எழுதினார். 'சாதனம் தற்போது வேறொரு வீட்டில் இருக்கிறது. திரும்பி வந்தவுடன் சோதித்து உறுதி செய்கிறேன். அதுவரை இந்தக் கேஸை மூட வேண்டாம்.' படித்துப் பார்த்தார். எல்லா விவரமும் சரியாக இருக்கிறது என்று திருப்தியாகி அனுப்பிவிட்டார்.