வெட்டுத்துணி மூட்டையில் நன்னாரி

என் அக்கா கை பட்டால் பச்சைத்தண்ணீரும் ருசிக்கும் என்று தெருவில் சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனால் அவள் பானகத்தைக் குடித்தவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, சுக்கும் ஏலக்காயும் பொடித்துப் போட்டு, கடைசியில்தான் எலுமிச்சம்பழம் பிழிவாள். கடைந்து வெண்ணெய் எடுத்தால்தான் அவளுக்கு மோர். தயிரில் தண்ணீர் விட்டுக் கலக்குகிறவர்களை அவள் மனுஷர்களாகவே மதிப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேல் அவளுடைய நன்னாரி சர்பத். வேரைத் தட்டி ஊறப்போட்டு, காய்ச்சி, சர்க்கரைப் பாகில் சேர்த்து எடுப்பாள். அதற்கு முதல் அடிமை அவள் வீட்டுக்காரர், என் மாமா.

மாமா தையல்காரர். வீட்டு முன்னறைதான் கடை. அவருக்குச் சர்க்கரை நோய் வந்து, இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் அளவுக்கு முற்றியதும் அக்கா போலீஸ்காரி ஆகிவிட்டாள். சர்க்கரை, வெல்லம், தேன் எல்லாம் மூட்டை கட்டி, இரண்டு தெரு தள்ளியிருக்கும் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. திடீரென்று சர்க்கரை இறங்கினால் கொடுப்பதற்குக் கொஞ்சம் வீட்டில் வைத்திருங்கள் என்று டாக்டர் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை. பிள்ளைகள் வெளியூரில் இருந்ததால், ஏன் என்று கேட்கவும் ஆளில்லை. மிஞ்சியது மோரும் சீரகத் தண்ணீரும்தான்.

ஒரு நாள் கடையைப் பெருக்கும்போது, வெட்டுத்துணி மூட்டைக்குள் ஒரு பாட்டில் அவளுக்குத் தட்டுப்பட்டது. கடையில் வாங்கிய நன்னாரி சர்பத். அக்கா கத்தவில்லை. அதைக் கொட்டிவிட்டு, நன்னாரி வேரைச் சர்க்கரையே இல்லாமல் கறுக்கக் காய்ச்சி, அதே அளவுக்கு ஊற்றி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். மாமா மூச்சு விடவில்லை. பாட்டில் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. இவளும் நிரப்பிக்கொண்டே வந்தாள்.

"கசக்குதுன்னு யார்கிட்டப் போய்ச் சொல்லுவாரு?" என்று என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஒரு நாள் மத்தியானம் நான் அங்கே போனபோது சாப்பாட்டுத் தட்டு மூடியபடி இருந்தது. மாமா ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட எழுந்த நேரத்தில் ஒருவர் வந்து, கால்சட்டை இடுப்பு பிடிக்கிறது, இப்போதே வேண்டும் என்று நின்றிருக்கிறார். வேலையை முடித்துக் கொடுத்தனுப்பிய பிறகும் மாமா மிஷினை விட்டு எழவில்லை.

"ஏங்க, சோறு ஆறுது" என்றாள் அக்கா. கிட்டே போனோம். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கி, பிடித்திருந்த நூல் ஊசிக் காதில் நுழையாமல் அலைந்தது. கண் எங்களைப் பார்த்தது, ஆனால் அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை.

"சர்க்கரை எடு அக்கா."

"வீட்ல ஏதுடி சர்க்கரை?"

அவள் முகம் வெளுத்துப்போனது. என் வீட்டுக்குப் போய் வர நேரமில்லை என்று, ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துகொண்டே பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். பூட்டு. எதிர் வீட்டில் கதவை உடைக்காத குறையாகத் தட்டினேன். யாரும் திறக்கவில்லை. திரும்பி வந்தால் மாமா நாற்காலியில் ஒருபக்கம் சாய்ந்திருந்தார். அக்கா அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

மாமாவின் விரல் வெட்டுத்துணி மூட்டைப் பக்கம் நீண்டது. "அதுல... சர்பத்து..." நாக்கு குழறியது.

"அது வெறும் வேர்த்தண்ணிங்க. நான்தான் மாத்தி வெச்சேன். பாவி, நானே மாத்தி வெச்சேன்" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

விரல் இறங்கவில்லை. பாட்டிலைப் பிடுங்கித் திறந்தேன். மூடியைச் சுற்றிப் பிசுபிசுவென்று ஒட்டியது. ஒரு சொட்டு நக்கிப் பார்த்தேன்.

"அக்கா, இனிக்குது."

அவள் நம்பவில்லை. அவளும் நக்கிப் பார்த்தாள். பிறகு டம்ளரில் ஊற்றி, கொஞ்சம் தண்ணீர் கலந்து, அவர் உதட்டில் வைத்தாள். ஒரு மிடறு. தொண்டை அசைந்ததைப் பார்த்த பிறகே அடுத்த மிடறு. டம்ளர் காலியானது. வேர்வை அடங்கியது. நடுக்கம் குறைந்தது. "எதுக்கு அழுவுற?" என்று மாமா அக்காவைக் கேட்டபோது, வாசலில் வண்டிச் சத்தமும் கேட்டது. வந்தவர்கள் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆளே மிஞ்சியிருக்க மாட்டார் என்றார்கள்.

அவர்கள் போனதும் அக்கா கேட்டாள். "எப்பலேர்ந்து?"

"நீ மாத்தின அன்னைக்கே தெரியும். உன் கை மணம் எனக்குத் தெரியாதா? கடைச் சரக்கைவிட அதுதான் நல்லா இருந்துச்சு. சர்க்கரை மட்டும் டீக்கடையில வாங்கிப் போட்டுக்கிட்டேன்."

இத்தனை நாளும் சிரித்தது யார், ஏமாந்தது யார் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா திட்டவில்லை. பெரிதாகப் பயந்திருந்தாள்.

மறுநாள் வேரைத் தட்டி, பாகு காய்ச்சி, முறைப்படி சர்பத் எடுத்து அந்தப் பாட்டிலை நிரப்பினாள். சிவப்பு நூலால் அளவுக்கு ஒரு கட்டுக் கட்டி, மூட்டைக்குள்ளேயே வைத்தாள். "நூலுக்குக் கீழ எறங்குச்சு, கையை ஒடிச்சிருவேன்" என்றாள்.

மாமா அதைத் தொடுவதில்லை. ஆனாலும் சர்பத் நூலுக்குக் கீழே இறங்கித்தான் இருக்கிறது. தினமும் அவர் ஊசி போட்டுக்கொள்ளும் முன்பு அக்கா மூடியைத் திறந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறாள், இனிக்கிறதா என்று.