தம்பி வீட்டுக் கூரையில் தொங்கிய பனிக்கட்டி

2025 டிசம்பர் 18, வியாழக்கிழமை. விடியும் முன் எழுந்து வெந்நீர் வைத்தேன். நைனாவைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்து, உடம்பைத் துடைத்து, வேட்டி மாற்றினேன். இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அவரால் காலூன்ற முடியாது. மனைவிக்கு முதுகுவலி என்பதால் தூக்குவது நான்தான். பிறகு செஞ்சியிலிருந்து பஸ் பிடித்து வல்லத்தில் அலுவலகம். மாலை திரும்பியதும் மறுபடி தூக்கல், துடைத்தல்.

எனக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டது; இடது கண்ணும் மங்கல்தான். பஸ்ஸின் பலகையைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுத்தான் ஏறுகிறேன். பொங்கல் கழித்து ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். அதன்பின் சில வாரம் குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. அதற்காகத்தான் கனடாவிலிருந்து தம்பி லீவில் வருவதாக இருந்தது. அவன் வந்தால் கொஞ்சம் தூங்கலாம் என்றும் நினைத்திருந்தேன்.

இரவு ஏழு மணிக்கு வீடியோவில் கூப்பிட்டான். அங்கே காலை. வெளியே நின்று வீட்டைக் காட்டினான். கூரை விளிம்பு நெடுகப் பனிக்கட்டி கூர்கூராகத் தொங்கியது.

"இன்னாடா அது, பொடலங்கா பந்தல் மாதிரி?" என்றார் நைனா.

"பனிக்கட்டி நைனா. தண்ணி வழிஞ்சி அப்படியே ஒறைஞ்சிடுச்சி."

"ஒண்ண ஒடிச்சி சர்பத்துல போடேன்."

"மேல காக்கா எச்சம் கெடக்குது."

"அங்கயும் காக்காவா?" சிரித்தார். "போன வருசம் சொன்னேனே, கூரைல இருந்த ஓட்டையெல்லாம் அடைச்சியா? கொழந்தைக்குக் குளிரப்போவுது."

"அடைச்சிட்டேன் நைனா. துளி காத்து வரல."

நைனா திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

அரை மணி கழித்து என்னை மட்டும் கூப்பிட்டான். போனோடு மாடிக்குப் போனேன்.

"அண்ணா, மேல் ரூம்ல தண்ணி ஒழுவுது. சீலிங் ஒரு பக்கம் ஊறித் தொங்கிடுச்சி."

கூரை வேலை செய்பவர் வந்து பார்த்துச் சொன்னதை விவரித்தான். ஹீட்டரின் சூடு சீலிங்குக்கு மேலே இருக்கும் பரணுக்கு ஏறுகிறது. அது வெளியேறி, கூரை குளிர்ந்தே இருக்கத்தான் அந்த ஓட்டைகளை விட்டிருக்கிறார்கள். அவற்றைத் துணி வைத்து அடைத்ததால் பரண் சூடாகி, கூரைமேல் கிடக்கும் பனி அடியிலிருந்து உருகுகிறது. உருகிய நீர் சரிந்து விளிம்புக்கு வருகிறது. விளிம்பு சுவரைத் தாண்டி நிற்பதால் அதற்கு அடியில் சூடு கிடையாது. நீர் அங்கே உறைகிறது. அடுத்து வருவது அதன்மேல் வழிந்து, சொட்டுவதற்குள் உறைந்து, கீழே நீள்கிறது. விளிம்பிலேயே தங்கியது வரப்புபோல் மறித்துக்கொள்ள, பின்னால் தேங்கிய நீர் வீட்டுக்குள் இறங்குகிறது.

செஞ்சியில் மார்கழிப் பனிக்கு ஜன்னல் இடுக்கில் பழந்துணி செருகுவோம். நைனா அதைத்தான் சொன்னார். தம்பியும் அதைத்தான் செய்தான்.

"இவளையும் கொழந்தையையும் இந்த வீட்ல விட்டுட்டு இப்ப வர முடியாதுண்ணா. ஏப்ரல்ல வரேன். கண்ணு தாங்குமா?"

"தாங்கும்."

"நைனாகிட்ட இன்னா சொல்றது?"

"லீவு கெடைக்கலன்னு சொல்லு. ஓட்டையப் பத்திப் பேசாத."

கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு இறங்கினேன்.

நைனா விழித்திருந்தார். "அவன் வீடு கதகதன்னு இருக்கும் இல்ல?"

"இருக்குது நைனா."

மறுநாள் காலை, வெந்நீர் வைக்கும் முன், ஆபரேஷனை ஏப்ரலுக்கு மாற்றச் சொல்லிக் கண் ஆஸ்பத்திரிக்கு மெசேஜ் அனுப்பினேன். எனக்கு எழுத்து மங்கியதால், நான் சொல்லச் சொல்ல மனைவி தட்டினாள்.