மஞ்சள் புள்ளி வரைக்கும்

ஒரகடத்தில் மோட்டார் சைக்கிள் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு ஒரு நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். அந்த நிமிடத்துக்குள் ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கி, இன்ஜினின் வாயோடு பொருத்தி, வளையத்தை முடுக்கி, போல்ட்டின் தலையில் பெயிண்ட் பேனாவால் ஒரு மஞ்சள் புள்ளி வைக்க வேண்டும். புள்ளி வைத்தால் என் வேலை முடிந்தது. வண்டி நகரும், அடுத்தது வந்து நிற்கும். இரண்டு வருடமாக இதுதான். எனக்கு முன்னால் அந்த வண்டிக்கு என்ன நடந்தது, பின்னால் என்ன நடக்கும் என்று தலையைத் திருப்பிப் பார்க்க நேரம் இருக்காது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். விளாத்திகுளம் பக்கம். டிப்ளமோ மெக்கானிக்கல். அம்மா போனில் கேட்பாள்: "வண்டி முழுசையும் நீயாய்யா செய்யுத?"

"ஆமாம்மா."

முதல் மாதம் சொன்ன பொய். அதற்குப் பிறகு மாற்ற முடியவில்லை.

அசெம்பிளி லைனின் கடைசியில் ரீவொர்க் பே இருக்கிறது. குறை உள்ள வண்டிகளை அங்கே தள்ளிக்கொண்டு போவார்கள். அங்கே நிமிடக் கணக்கு இல்லை. ஒரு வண்டியைப் பிரித்து, பார்த்து, திரும்பச் சேர்க்கலாம். அம்மாவிடம் சொன்னது பொய்யில்லாமல் ஆகும் ஒரே இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றியிருந்தது. அங்கே ஓர் ஆள் தேவைப்பட்டது. யாரை அனுப்புவது என்று எழுதிக் கொடுப்பவர் எங்கள் லைன் சூப்பர்வைசர்.

அவர்தான் ஒருநாள் கேன்டீனில் கை கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, ஞாயித்துக்கெழம வூட்டாண்ட வா. ஒரு சின்ன வேல கீது."

நெடுந்தூரம் போகிற பெரிய வண்டி ஒன்று வாங்கியிருந்தார். எங்கள் கம்பெனி வண்டி, எங்கள் லைனில் இறங்கியது. திங்கட்கிழமை காலையில் நண்பர்களோடு குடகுக்குப் போகிறார். அதற்கு முன்னால் வெளிக்கடையில் வாங்கிய ஏர் ஃபில்டரை மாட்ட வேண்டும்.

"சர்வீஸ் சென்டர்ல வுட்டா வாரன்ட்டி காலி. விஷயம் கம்பெனி வரைக்கும் வந்துரும். நீ தெனமும் அதத்தான மாட்டினு கீற? கண்ண மூடிக்கினு செய்வ. முடிச்சுக் குடு, ரீவொர்க்குக்கு உன் பேர எழுதறேன்."

மாட்டியிருக்கிறேன் சார், ஒன்றைக்கூடக் கழற்றியதில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். "சரி சார்" என்றேன்.

ஸ்ரீபெரும்புதூரில் கோயிலுக்குப் பின்தெருவில் அவர் வீடு. வண்டி வாசலில் நின்றது. புது ஃபில்டர் கூம்பு மாதிரி, சிவப்புத் துணி மடிப்புகளும் மேலே கம்பி வலையுமாக இருந்தது. அழகாகத்தான் இருந்தது. பக்கத்து மூடியைக் கழற்றிப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. லைனில் என்னிடம் வரும் வண்டிக்கு சீட் கிடையாது, பேட்டரி கிடையாது, பின்பக்க மட்கார்டு கிடையாது. வெறும் எலும்புக்கூடு. பெட்டியைப் பின்னாலிருந்து தள்ளினால் போய் உட்காரும். இங்கே நான் வைத்த பெட்டியைச் சுற்றி எனக்குப் பின்னால் நிற்பவர்களெல்லாம் சேர்ந்து கூண்டு கட்டியிருந்தார்கள். வளையத்தைத் தளர்த்திவிட்டேன். பெட்டி அசைந்தது. இடதுபக்கம் திருப்பினால் வண்டிச் சட்டத்தின் கம்பி, வலதுபக்கம் திருப்பினால் பேட்டரித் தட்டு. முழங்கை வரை உள்ளே விட்டு வைத்திருந்த கையை வெளியே எடுக்கவே எனக்கு யோசனை தேவைப்பட்டது.

சூப்பர்வைசர் நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். அரைமணி நேரம் கழித்துத் தம்ளரை எடுக்க வந்தவர் நின்று பார்த்தார்.

"இன்னாப்பா, நிமிஷத்துக்கு ஒரு வண்டி முடிப்பியாமே. இன்னிக்கு லைன் ஸ்லோவா?"

"சும்மா இரு. அவன் எக்ஸ்பர்ட்டு" என்றார் சூப்பர்வைசர்.

அந்தக் கேலியைவிட இந்த வார்த்தைதான் என்னை அதிகம் குனிய வைத்தது. சீட்டைக் கழற்றினேன். பேட்டரியை எடுத்தேன். மட்கார்டின் போல்ட்டுகளைத் தளர்த்திக் கீழே இறக்கினேன். ஒவ்வொன்றையும், ஏதோ இதுதான் வழக்கமான முறை என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு செய்தேன். கடைசியில் பெட்டி கம்பியில் உரசிக்கொண்டு வெளியே வந்தது. அதோடு ஒட்டியிருந்த ஒரு ரப்பர் குழாய் பிடுங்கிக்கொண்டு தொங்கியது.

புது ஃபில்டரை மாட்ட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கைக்குத் தெரிந்த வேலை. ஃபில்டரின் கழுத்தில் சின்னதாக ஒரு மூக்கு இருந்தது, கறுப்பு மூடி போட்டு. பார்த்தேன். அதற்கும் தொங்கும் குழாய்க்கும் என்ன உறவு என்று யோசிக்கவில்லை. வளையத்தை முடுக்கியதும் என் கை தானாக மேல்பாக்கெட்டுக்குப் போனது. சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே தன்னுடைய பெயிண்ட் பேனாவை நீட்டினார்.

"போடு போடு. நம்ம வேலன்னா மார்க் இல்லாமயா?"

மஞ்சள் புள்ளி வைத்தேன். அவர் குனிந்து, கண்ணைச் சுருக்கி, புள்ளியைப் பார்த்தார். தலையாட்டினார். பேட்டரி, மட்கார்டு, சீட் எல்லாம் மேலே ஏறின. வண்டியைக் கிளப்பியதும் அடித்தொண்டையிலிருந்து ஒரு முழக்கம் வந்தது. கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். "இப்பத்தான்டா மூச்சு வுடுது!" என்று முதுகில் தட்டினார். அன்றைக்கு அம்மா கேட்கும் முன்பே நானே சொன்னேன், இன்றைக்கு ஒரு வண்டியைப் பிரித்து மாட்டினேன் என்று.

திங்கட்கிழமை முதல் ஷிஃப்ட், ஆறு மணி. அதே நேரத்துக்கு அவரும் கிளம்பியிருப்பார். எனக்கு அடுத்த ஸ்டேஷனில் நிற்பவன் என் அறைத்தோழன், நாகர்கோவில்காரன். அரைமணி நேரம் ஓடியிருக்கும். ஏதோ ஒரு கணத்தில் தலையைத் திருப்பினேன். அவன் ஒரு ரப்பர் குழாயைப் பிடித்து, நான் வைத்த பெட்டியின் மூக்கில் செருகி, பச்சைப் புள்ளி வைத்தான்.

இன்ஜினுக்குள் கிளம்பும் எண்ணெய்ப் புகையை வெளியேற்றும் குழாய் அது. தொங்கவிட்டால் வேகம் கூடக் கூட எண்ணெய் துளித்துளியாகப் பின்னால் தெறிக்கும். பின்னால் இருப்பது டயர்.

எனக்கு அது தெரியாமல் இல்லை. படித்திருக்கிறேன், பரீட்சையில் படம்கூட வரைந்திருக்கிறேன். ஆனால் என் கைக்கு வேலை மஞ்சள் புள்ளி வரைக்கும்தான். குழாய் அடுத்த ஸ்டேஷன்.

போன் லாக்கரில். லைனில் வைத்திருக்கக் கூடாது. யாராவது வெளியே போக வேண்டுமென்றால் ரிலீவர் அண்ணன் வந்து நின்று மாற்றிவிடுவார். ஆனால் சூப்பர்வைசர் லீவு என்பதால் ரிலீவர்தான் அன்றைக்கு சூப்பர்வைசர். மாற்ற ஆள் இல்லை. டீ பிரேக்குக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம். தலைக்கு மேலே மஞ்சள் கயிறு ஓடியது. இழுத்தால் மொத்த லைனும் நிற்கும். பலகையில் என் ஸ்டேஷன் எண் சிவப்பாக எரியும், காரணம் எழுதுவார்கள். என்ன காரணம் சொல்வது? சூப்பர்வைசரின் வண்டியில் திருட்டுத்தனமாக ஃபில்டர் மாட்டினேன் என்றா? சொன்னால் அவரும் போனார், ரீவொர்க்கும் போனது.

ஒரு வண்டி முடித்தேன். இன்னொன்று. மூன்றாவது. ஒவ்வொன்றாக நகர, அவர் பெங்களூர் ரோட்டில் ஒரு கிலோமீட்டர், ஒன்றரைக் கிலோமீட்டர் என்று தள்ளிப் போய்க்கொண்டிருந்தார்.

"ஒனக்கு என்ன மக்கா? முகம் வெளுத்துக் கெடக்கு" என்றான் அறைத்தோழன்.

கயிற்றை இழுத்தேன்.

லைன் நின்றது. ஸ்பீக்கரில் எச்சரிக்கையாக, பிறந்தநாள் பொம்மையின் பாட்டு மாதிரி ஒன்று ஒலிக்கத் தொடங்கியது. ரிலீவர் அண்ணன் ஓடி வந்தார்.

"இன்னாடா? பார்ட் வர்லியா?"

"போன் எடுக்கணும்ணே. அவசரம்."

"வூட்ல யார்க்காச்சும் ஒடம்பு முடியலியா?"

"அம்மாவுக்கு" என்றேன்.

அவர் என்னைத் தள்ளிவிட்டு என் இடத்தில் நின்றார். "ஓடு. மூணு நிமிஷம்."

நான்கு முறை அடித்தேன். ஹெல்மெட்டுக்குள் எங்கே கேட்கும்? வாய்ஸ் மெசேஜ் போட்டேன்: "சார், வண்டிய நிறுத்துங்க. குழாய் மாட்டல. பின் டயர்ல எண்ணெய் இருக்கும். தயவுசெஞ்சு நிறுத்துங்க சார்." போனை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பி வந்து நின்றேன். அதற்குப் பிறகு டீ பிரேக் வரைக்கும் எத்தனை பெட்டி வைத்தேனோ, அத்தனை முறையும் பக்கத்தில் அவன் குழாய் செருகுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மணி அடித்ததும் ஓடினேன். அவரே அழைத்தார்.

"வாலாஜா தாண்டி ஒரு வளைவுல பின்னாடி லேசா இழுத்துச்சுடா. ஓரம் கட்டிப் பாத்தா ஷூ பூரா ஆயில். அப்பறந்தான் உன் மெசேஜே பாக்கறேன்." மூச்சு வாங்கினார். "மார்க் போட்டிருந்தியேடா. நான் பாத்தேனே."

"அது என் ஸ்டேஷன் மார்க் சார்."

அவரும் பத்து வருடம் லைனில் நின்றவர்தான்.

"கயித்த இழுத்தியாமே. இன்னா காரணம் சொன்ன?"

சொன்னேன்.

"ம். அதையே வெச்சுக்கோ. நான் தொடச்சுட்டு, குழாய மாட்டிக்கினு பொறுமையா போறேன்."

அடுத்த வாரம் ரீவொர்க்குக்கு வேறு ஒருவன் பெயர் வந்தது. அவர் திட்டவில்லை. "அங்க முழு வண்டியயும் பாக்கறவன் வேணும் தம்பி" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அதில் தப்புக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றும் இல்லை.

ரிலீவர் அண்ணன்தான் விடுவதாக இல்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்து கேட்கிறார். "அம்மாக்கு இப்ப எப்டி கீது? ஒருவாட்டி ஊருக்குப் போய்ப் பாத்துட்டு வாயேன். நான் நின்னுக்கறேன் உன் எடத்துல."

"பரவாயில்லண்ணே" என்கிறேன். நன்றாக இருக்கிறாள் என்று சொல்லவும் வாய் வரவில்லை, இல்லை என்று சொல்லவும் பயமாக இருக்கிறது.

இப்போதெல்லாம் மஞ்சள் புள்ளி வைத்த பிறகும் என் கை நிற்பதில்லை. குழாயைத் தேடிப் போகிறது. அறைத்தோழன் தட்டிவிடுகிறான்.

"கைய எடு லே, அது எனக்க வேலை. ஒனக்க வண்டி வந்தாச்சு பாரு."

வந்து நிற்கிறது.